“கொடி எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாருங்க அக்கா!” - ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் ஒரு வகுப்பு

எங்கள் ஊரில் மேற்கே திரும்பினால் மலை. ராஜபாளையத்துக்காரர்களுக்கு அதுதான் வானிலை அறிக்கை. மலையில் மேகம் இறங்கினால், மொட்டைமாடியில் காயும் வடகத்தை எடுக்கச் சொல்லி அவ்வா குரல் கொடுப்பார். அய்யனார் கோயில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், புளியோதரை கட்டிக்கொண்டு குடும்பத்தோடு குளிக்கக் கிளம்புவோம். அந்த மலையில் மனிதர்களும் வாழ்கிறார்கள் என்பது எனக்குத் தேன் மூலமாகத்தான் தெரியும். “பளியர் எடுத்துட்டு வந்த மலைத்தேன்” என்று சொல்லி கடைக்காரர் பாட்டிலுக்கு விலை கூட்டுவார். எடுத்துவந்தவர் வீட்டில் என்ன மொழி பேசுவார் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. ராஜபாளையத்தில் இது ஆச்சரியமே இல்லை, தெருவுக்குத் தெரு தெலுங்கு வீடுகள் உண்டு. ஆனால் எனக்கு அது காதுமொழி. அவ்வா தெலுங்கில் கேட்பார், நான் தமிழில் பதில் சொல்வேன். இருபது வருடங்களாக எங்களுக்குள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதழியல் டிப்ளமோ முடித்து டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த பிறகு, ‘உலகத் தாய்மொழி தினம்’ என்பது எனக்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை. பிப்ரவரி 21-க்கு ஏதாவது ஸ்பெஷல் ஸ்டோரி வேண்டும். “உங்க ஊர்ப் பக்கம் பளியர் இருக்காங்கள்ல? அழிஞ்சிட்டு வர்ற இருபது வார்த்தை, அஞ்சு நிமிஷ வீடியோ. போயிட்டு வந்துடு” என்றார் எடிட்டர். காலர் மைக், பவர் பேங்க், ஊரிலிருந்து பழைய ஸ்கூட்டி. கிளம்பிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு தொடங்கி, ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கம் வரை, மலையடிவாரத்தில் ஆங்காங்கே பளியர் குடியிருப்புகள் உண்டு. மேலே காட்டுக்குள் இருந்தவர்கள் கீழே இறங்கி, அரசு கட்டிக்கொடுத்த காங்கிரீட் வீடுகளில் இருக்கிறார்கள். நான் போனது அவற்றில் ஒன்று. எந்தக் குடியிருப்பு என்று எழுத வேண்டாம், பெயரும் போட வேண்டாம் என்றார் பாட்டி. “எழுதுனா ஆள் வரும்” என்பது அவர் சொன்ன காரணம். அது எவ்வளவு விவரமான பேச்சு என்பது எனக்கு மறுநாள்தான் புரிந்தது.

முதல் நாள் திண்ணையில் உட்கார்ந்து மைக்கைப் பொருத்தினேன். மொழி ஆய்வாளர்கள் வழக்கமாகக் கேட்கும் பட்டியல்தான் என் கையிலும் இருந்தது. தலை, கை, தண்ணீர், நெருப்பு, அம்மா, அப்பா. ஒவ்வொன்றுக்கும் பாட்டி தமிழ்ச் சொல்லையே சொன்னார். “எல்லாம் தமிழ்தாம்மா. வேற என்ன இருக்கு?” என்றார். பக்கத்தில் நின்ற மகனும், “நாங்க பேசறது கொச்சைத் தமிழ், அவ்வளவுதான்” என்றார். அவர் மாந்தோப்புகளுக்குக் காவல் போகிறவர். எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்தி வாசல்நிலையில் சாய்ந்து என் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

‘கொச்சை’ என்ற அந்தச் சொல் இவர்கள் தலையில் ஏறி நூறு வருடத்துக்கு மேலாகிறது. 1906-ல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியரில் பிரிட்டிஷ் அதிகாரி பிரான்சிஸ், பளியர் ஒரு விநோதமான இழுவையோடு தமிழ் பேசுவதாகவும், அது கேட்பவருக்கு ஏறக்குறையப் புரிவதே இல்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறார். யாருக்குப் புரியவில்லை? கேட்டவருக்கு. ஆனால் குறை பேசியவர் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. இன்றைக்கு உலக மொழிகளுக்கான ஐ.எஸ்.ஓ. பட்டியலில் பளியர் மொழிக்குத் தனிக் குறியீடே இருக்கிறது. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினால் கிடைக்காது. 10,000 பேருக்குக் குறைவானவர்கள் பேசும் தாய்மொழிகளை அதில் தனியாக அச்சிடுவதில்லை. 2011 பட்டியலில் ‘தமிழ்’ என்ற தலைப்பின் கீழ் இருளர் மொழிக்குக்கூட ஒரு வரி உண்டு. பளியர் மொழி ‘மற்றவை’க்குள் போய்விட்டது.

மறுநாள் காலை பாட்டி கிழங்குக்குக் கிளம்பினார். சனிக்கிழமை என்பதால் பேத்தியும் கூடவே. நானும் வரலாமா என்று கேட்டேன். “ஓடைக்கு இந்தப் பக்கம்னா வா” என்றார். ஓடைக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு, வெளியாள் அனுமதி இல்லாமல் போக முடியாது.

மாசி மாதம். மழை முடிந்து கொடிகளெல்லாம் காய்ந்து சுருங்கியிருந்தன. எனக்குக் கண்ணில் பட்டது வெறும் புதர். பாட்டி நடந்துகொண்டே போனவர், ஓரிடத்தில் நின்று, காய்ந்த கொடி ஒன்றை இரண்டு விரலால் பிடித்து மேலேயிருந்து கீழே உருவிக்கொண்டே வந்தார். கொடி மண்ணுக்குள் நுழையும் இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டார். எதுவும் சொல்லவில்லை. பேத்திதான் முதன்முறையாக என்னிடம் பேசினாள்.

“கொடி எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாருங்க அக்கா!”

பார்த்தேன். வலது பக்கமாகச் சுற்றி ஏறியிருந்தது. “இது திங்கற வள்ளி. அங்க பாருங்க, அது இடது பக்கம் சுத்துது. அது வேற. அதைச் சும்மா வேகவெச்சுத் தின்னா தொண்டை அரிக்கும். அறுத்து, ஓடற தண்ணில போட்டுவெச்சுத்தான் திங்கணும்.” காய்ந்து இலையெல்லாம் உதிர்ந்த பிறகு ஒரு கொடியை எப்படி அடையாளம் காண்பது? சுற்றும் திசையை வைத்து. ஊருக்குத் திரும்பிய பிறகு தாவரவியல் படித்த தோழியிடம் இதைச் சொன்னேன். காட்டுவள்ளி வகைகளைப் பிரிக்க அவர்கள் பாடப்புத்தகத்திலும் கொடி வலதா இடதா என்பது முக்கியமான அடையாளம் என்றாள். அவளுக்கு அது எம்.எஸ்ஸி-யில் வந்த பாடம்.

பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. கம்பை ஊன்றித் தோண்டத் தொடங்கியதும் பாட்டியும் பேத்தியும் என்னை மறந்துவிட்டார்கள். முந்தின நாள் திண்ணையில் ‘எல்லாம் தமிழ்தாம்மா’ என்றவர், இப்போது பேசியதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. அந்த இழுவை, கெசட்டியர்காரர் கேலி செய்த அதே இழுவை, இங்கே ஒரு வேலை செய்தது. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட ஒரு நீட்டல். ‘கம்பை மெதுவாகக் குத்து, கிழங்கு உடையும்’ என்பதற்கு ஒரு தாழ்ந்த இறக்கம். கொடியின் நுனிக்கு ஒரு பேர், மண்ணுக்குள் நுழையும் கழுத்துக்கு ஒரு பேர், இளங்கிழங்குக்கு ஒன்று, நார் விழுந்து முற்றியதற்கு இன்னொன்று. வழியில் ஒரு எறும்புப் புற்று, பன்றி கிளறிய தடம், குரங்கு கடித்துப் போட்ட காய் எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் இருபது வார்த்தை எப்போதோ தாண்டிவிட்டது. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அந்தச் சொற்களை இங்கே நான் எழுதவில்லை. பாட்டியிடம் கொடுத்த வாக்கு அது. சில செடிகளின் பெயரும் பயனும் வெளியே போனால், அடுத்த மாதம் யாராவது மூட்டையோடு வந்து வேரோடு பிடுங்கிப்போவார்கள் என்பது அவர் பயம். அப்படி ஏற்கெனவே நடந்திருக்கிறதாம்.

கிழங்கு வெளியே வந்தது. ஒரு முழத்துக்கு மேல் நீளம். பாட்டி அதன் தலைப்பகுதியை, கொடி ஒட்டிய துண்டை, ஒடித்துக் கீழே வைத்துவிட்டு அடுத்த கொடியைத் தேடிப் போய்விட்டார். அந்தத் துண்டை எடுத்து மறுபடி குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து அழுத்தியது பேத்தி. யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. செய்து முடித்ததும் “சபாஷ்” என்றும் சொல்லவில்லை.

அந்த மௌனம் எனக்கு முதலில் விசித்திரமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு கோலத்தில் புள்ளி தவறினாலே மூன்று பேர் பாடம் எடுப்பார்கள்! ஊருக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் பீட்டர் கார்ட்னர் கண்ணில் பட்டார். அமெரிக்க மானுடவியல் ஆய்வாளர். 1962-ல் தமிழகம் வந்து, தென்மாவட்ட மலைகளில் பளியரோடு தங்கி, அடுத்த பல பத்தாண்டுகள் அவர்களைப் பற்றி எழுதியவர். பளியர் ஒருவர்மீது இன்னொருவர் அதிகாரம் செலுத்த மாட்டார்கள் என்கிறார். போட்டி போடுவது, மற்றவரைவிட நான் மேல் என்று காட்டிக்கொள்வது, இரண்டுமே அவர்களிடம் மரியாதைக் குறைவு. மனஸ்தாபம் வந்தால் மல்லுக்கு நிற்க மாட்டார்கள், விலகிப் போய்விடுவார்கள். அறிவும் அப்படித்தான், அவரவர் கண்ணால் பார்த்து, கையால் செய்து தெரிந்துகொள்வது. உட்காரவைத்து ஒப்பிக்கச் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது.

இப்போது இந்தப் பிள்ளையை நம் வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். “எழுந்து நில்லு. சத்தமா சொல்லு. அவன் சொல்லிட்டான், உனக்கு ஏன் தெரியல?” மூன்றே வாக்கியத்தில் அவர்கள் வீட்டு மரியாதை மூன்றும் உடைந்துவிடுகிறது. அதட்டப்பட்ட பிள்ளை எதிர்த்துப் பேசாது. மறுநாள் வராது. நாம் அதற்கு ‘இடைநிற்றல்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அந்தப் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் பேசினேன். நல்ல மனுஷி. வராத பிள்ளைகளைத் தேடி வீட்டுக்கே போகிறவர். “கிழங்கு சீசன்ல, தேன் சீசன்ல பிள்ளைங்க வராதுங்க. எமிஸ் ஆப்ல ஆப்சென்ட் போடறதுக்குத்தான் எனக்குக் கட்டம் இருக்கு. பாட்டிகூட கிழங்குக்குப் போனான்னு போடறதுக்குக் கட்டம் இல்லையே” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தக் கட்டத்தைப் போட்டவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். பளியரிடமிருந்து போன கார்ட்னர், 1970-களில் கனடாவின் வடகோடியில் டெனே பழங்குடியினரிடம் ஆய்வு செய்தார். அதே டெனே மண்ணில் இன்று ‘டெச்சிண்டா’ என்று ஒரு கல்வி மையம் இருக்கிறது. வகுப்பு நடப்பது காட்டில், ஏரிக்கரையில். மீன் பிடிப்பதும், தோல் பதப்படுத்துவதும், நில உரிமைச் சட்டமும் ஒரே பாடத்திட்டத்தில். கற்றுத்தருபவர்களில் ஊர்ப் பெரியவர்களும் உண்டு. அதற்குப் பல்கலைக்கழக மதிப்பெண்ணும் கிடைக்கிறது. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982-ல் ‘கோஹங்கா ரேயோ’ தொடங்கினார்கள். ‘மொழிக்கூடு’ என்று அர்த்தம். பெற்றோர் தலைமுறைக்கு மொழி போய்விட்டது, பாட்டிகளிடம் மிச்சமிருந்தது. ஆகவே கைக்குழந்தைகளை நேரே பாட்டிகளிடம் விட்டார்கள். ஐந்தே வருடத்தில், 1987-ல், மாவோரி அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்றானது. (என் அவ்வாவையும் என்னையும் நினைத்துக்கொண்டேன்.)

அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் நீலகிரி கூடலூர். அங்கே ‘வித்யோதயா’ பள்ளியில் பனியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் சமூகத்துப் பெண்களே ஆசிரியைகள். தன் மொழியில் கேள்வி கேட்டால் புரிந்துகொள்கிற ஒரு ஆள் வகுப்பறையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, மாநிலம் விட்டு மாநிலம் போய்ப் படித்தவர்களுக்குத் தெரியும்.

தமிழக அரசும் சும்மா இல்லை. 2024 பட்ஜெட்டில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகிய ஐந்து சமூகங்களின் மொழி வளங்களையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நல்ல வேலை. அந்த பட்ஜெட்டை வாசித்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்காரர். அடுத்த பட்டியல் போடும்போது சொந்த மாவட்டத்துப் பளியரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று உரிமையோடு கேட்கிறேன்.

ஆனால், ரெக்கார்டு செய்வதால் மட்டும் இந்த மொழி பிழைக்கும் என்று நான் நம்பவில்லை. திண்ணையில் வராத சொல் ஓடைக்கரையில்தானே வந்தது? கொடியின் கழுத்துக்கான சொல் வேண்டுமென்றால், கொடி வேண்டும். கொடிக்குப் பக்கத்தில் போக அனுமதி வேண்டும். இங்கேதான் சிக்கலே. 1988-ல் இந்தக் காடு சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம், நாட்டின் 51-வது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அணிலும் புலியும் பிழைக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதே நேரம் 2006 வன உரிமைச் சட்டம், தேன், கிழங்கு போன்ற சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடியினருக்குத் தருகிறது. பல்லுயிர் பற்றிய அவர்களின் மரபறிவின் மீதான சமூக உரிமையையும் பெயர் சொல்லியே அங்கீகரிக்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பட்டா வழங்குவது 2008 முதல் பல வருடம் தேங்கி, 2016-ல் உச்ச நீதிமன்றம் தடையை விலக்கிய பிறகே வழி திறந்தது. “எழுதுனா ஆள் வரும்” என்று பாட்டி சொன்னாரே, அந்தப் பயத்துக்கான பதில் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இதையெல்லாம் ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்த என்னை நிறுத்தியவர் பாட்டியின் மகன். “பாப்பா, நீங்க சொல்றது கேக்க நல்லா இருக்கு. எங்க சித்தப்பா தேன் எடுக்கப் போயி பாறைல இருந்து விழுந்துதான் செத்தாரு. கொடியைப் பிடிச்சுத் தொங்கற பொழப்பு என்னோட போகட்டும். இவ ஹாஸ்டல்ல இருந்து படிச்சு டீச்சராகணும். அங்க போயி எங்க பேச்சைப் பேசுனா சிரிப்பாங்க. அதான் வீட்டுலயும் நான் தமிழ்லயே பேசிப் பழக்கறேன்” என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் அப்பாவும் இதே காரணத்துக்காகத்தான் என்னிடம் தமிழில் பேசினார். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. அவர் கணக்கு தப்பவில்லை. காட்டையும் புத்தகத்தையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றை எடுத்துக்கொள் என்று அந்த மனிதரைக் கேட்கிற நிலைமைதான் தப்பு. அந்தப் பெண் டீச்சராகி, கொடி சுற்றும் திசையை அறிவியல் வகுப்பில் அவள் மொழியிலேயே சொல்லிக்கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

“ஸ்கூல்ல இதெல்லாம் சொல்லியிருக்கியா?” என்று அவளிடம் கேட்டேன். தலையாட்டி மறுத்தாள். “டீச்சராகப் போறியா?”

“இல்லக்கா. ரேஞ்சர்.”

அப்பா சிரித்துவிட்டார். “எங்க ஆளுங்களுக்கு வாட்ச்சர் வேலைதான் தருவாங்க” என்றார். அவள் திருப்பிப் பேசவில்லை. அவர்கள் வழக்கப்படி, எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வீடியோ பிப்ரவரி 21 அன்று வெளியானது. இருபது வார்த்தை இல்லை. பாட்டியும் பேத்தியும் முதுகைக் காட்டி நடந்துபோகும் காட்சியும், அவர்கள் பேச்சின் ஓசையும் மட்டும், இரண்டு நிமிடம். எடிட்டர் முதலில் முகம் சுளித்தார், பிறகு விட்டுவிட்டார். பார்த்தவர்கள் எண்ணிக்கை சுமார்தான். அதற்கு முந்தின நாள் போட்ட பால்கோவா ரெசிப்பி பத்து மடங்கு ஓடியது.

குடியிருப்புப் பக்கத்தில் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாவதுக்கு டவுனில் ஹாஸ்டல் என்று முடிவாகிவிட்டது. பாட்டி போ என்றும் சொல்லவில்லையாம், வேண்டாம் என்றும் சொல்லவில்லையாம். அடுத்த மாசியில் பேத்திக்குப் பரீட்சை நேரமாக இருக்கும்.

ஜூன் முதல் வாரம், இரண்டு மழை பெய்திருந்தது. அப்பாவின் போனிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் பாட்டி யாரையோ அந்த நீட்டலோடு கூப்பிடும் சத்தம் கேட்கிறது. “அக்கா, நான் மண்ணு மூடுனேன்ல, அது முளைச்சிருச்சு. ரெண்டு சாண் வந்திருச்சு. பக்கத்துல இருந்த குச்சில ஏற ஆரம்பிச்சிருச்சு, வலது பக்கமாத்தான். நாளைக்கு ஹாஸ்டல்ல கொண்டுபோயி விடறாங்க.”